வரவு இடாப்பில் இடம்பெறாத நோய்

கல்கிசைக் கடலோரத்தில் விளங்கும் பரி. தோமையர் கல்லூரி அங்கே தோன்றியதன்று. 1851ஆம் ஆண்டிலே கொட்டாஞ்சேனைக்கு அப்பால் உள்ள முகத்துவாரத்தில் அது தொடங்கப்பெற்றது. துறைமுகம் விரிவடைந்தபோது நிலக்கரித் தூசி கல்லூரியைச் சூழ்ந்தது. அவ்விடம் மாணாக்கரின் உடல்நலத்துக்கு ஒவ்வாதெனக் கண்டு, 1918இல் கல்லூரியையே கல்கிசைக்குப் பெயர்த்தனர். கண்ணுக்குத் தெரியும் துன்பத்துக்காக ஒரு கல்லூரியே இடம் மாறிற்று.

சட்டமும் அவ்வாறே உடலை மட்டும் நோக்கியது. இங்கிலாந்தின் 1870ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம், பிள்ளை பள்ளிக்கு வாராமைக்குத் தக்க காரணங்களுள் ஒன்றாக நோயைக் கூறிற்று. மனம் என்ற பேச்சே அதில் இல்லை. இலங்கையில் மனநோய் பற்றி 1873இல் ஒரு கட்டளைச் சட்டம் பிறந்தது உண்மையே. ஆனால், அது சித்தம் கலங்கினோரை விசாரித்துக் காவலில் வைப்பதற்கானது. படிக்கும் பிள்ளையின் கலக்கம் அதற்குள் அடங்கவில்லை. பின்பு 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1998 முதல் 14 வயது வரையும், 2016 முதல் 16 வயது வரையும் பள்ளி வரவு கட்டாயமாயிற்று. பெரும்பணிதான்.

ஆயினும், மனத்தின் துயரை அரசு ஒருபோதும் உணர்ந்ததில்லை எனல் பொருந்தாது. 2019 ஏப்ரில் 21ஆம் நாள், கொட்டாஞ்சேனையைச் சார்ந்த கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் வேறிடங்களிலும் குண்டுகள் வெடித்தன. இரண்டாம் தவணை பிந்திற்று. மே 6ஆம் நாள் ஆறாம் வகுப்புக்கு மேற்பட்டோருக்குப் பள்ளிகள் திறந்தபோது, பல வகுப்பறைகள் வெறிச்சோடிக் கிடந்தன. கத்தோலிக்கப் பள்ளிகள் அதற்கும் பின்னரே திறந்தன. வாராத பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இல்லை; அச்சமே காரணம். ஊருக்கெல்லாம் பொதுவான அச்சமாதலால், அதனைப் பொய்ச்சாட்டு என எவரும் இகழவில்லை. ஒரு பிள்ளை தனித்து அஞ்சும்போதுதான் சோம்பல் என்ற பெயர் கிடைக்கிறது. பெற்றோரும் வயிற்றுவலி என்றே கடிதம் எழுதியனுப்ப நேர்கிறது.

அக்கடிதத்தில் உண்மையை எழுத அமெரிக்க மாநிலங்கள் சில வழிசெய்துள்ளன. யூட்டா 2018இல் மனநலக் குறைவையும் நோயென ஏற்றது. ஒரிகனில் மாணாக்கரே சட்டமன்றத்தை நாடி வாதாட, 2019இல் அத்தகைய சட்டம் நிறைவேறிற்று. இலினோய் 2022 முதல் மருத்துவச் சான்றிதழ் இன்றியே ஆண்டுக்கு 5 நாள் அளிக்கிறது. அதிலுள்ள ஒரு விதி மிகக் கருதத்தக்கது. இரண்டாம் நாள் விடுப்புக்குப் பின் அப்பிள்ளையைப் பள்ளியின் உளநல உதவியாளரிடம் அனுப்பலாம். அவ்விதி இல்லாவிடின், வீட்டில் தனித்திருக்கும் பிள்ளையின் துயரம் அங்கேயே கிடக்கும்.