மாணிக்கத் தீவிலிருந்து போன கப்பலும் சிந்து நதியின் கழிமுகமும்



எமது ஊர்ப் பயான்களில் அடிக்கடி சொல்லப்படும் சம்பவம் இது. இங்கே மௌத்தாகிப்போன முஸ்லிம் வணிகர்களின் பெண்மக்களை 'மாணிக்கத் தீவின்' அரசர் ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜிடம் கப்பலேற்றி அனுப்புகிறார். தேபல் துறைமுகத்துக்குக் கிட்ட கடற்கொள்ளையர் அதைப் பிடிக்கிறார்கள். முகம்மது பின் காசிம் படையெடுத்துப் போகிறார். எழுதியவர் அல்-பலாதுரி, சம்பவத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு பிந்தி எழுதினார். மாணிக்கத் தீவு இலங்கைதான் என்பது பலரின் கருத்து. எமது பூர்வீகத்துக்கு ஆதாரமாக இதை எடுத்துக் காட்டுகிறோம், சரி. அந்தத் தேபல் எங்கே என்று கேட்டிருக்கிறோமா?

கராச்சிக்குக் கிழக்கே சுமார் 65 கிலோமீற்றரில், காரோ என்ற உப்பங்கழியின் கரையில் பன்போர் என்ற மண்மேடு இருக்கிறது. தேபல் இதுதான் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆனால் அந்தப் பெயர் பொறித்த கல் ஒன்றுகூட அங்கே அகப்படவில்லை. 1958 முதல் எஃப். ஏ. கான் தலைமையில் தோண்டியபோது, இஸ்லாத்துக்கு முந்திய குடியிருப்புகளின் மேல் மதில் சூழ்ந்த பட்டினம் வெளிப்பட்டது. நடுவே ஒரு ஜும்ஆப் பள்ளி. அதன் கல்வெட்டில் ஹிஜ்ரி 109, அதாவது கி.பி. 727. படையெடுப்பு நடந்து பதினைந்தே வருடம்! கிப்லாச் சுவரில் மிஹ்ராப் மாடம் கிடையாது. அந்த மாடம் அப்போதுதான் பள்ளிகளில் பரவத் தொடங்கியிருந்தது. ஆகவே, எமது கண்ணுக்குக் குறையாகத் தெரிவதே பள்ளியின் பழமைக்குப் பொருந்தி வருகிறது.

இவ்வளவு பெரிய பட்டினம் 13ஆம் நூற்றாண்டளவில் ஏன் வெறிச்சோடியது? போரையும் காரணம் சொல்வார்கள். ஆற்றையும் பார்க்க வேண்டும். சிந்து நதி வண்டலைக் கொட்டிக் கொட்டித் தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பும் ஆறு. துறைமுகத்தை வாழவைத்த கிளை விலகினால் கப்பலும் வராது, குடிக்கத் தண்ணீரும் கிடையாது. காரோவில் இன்று ஏறி இறங்குவது கடல்நீர்தான்.

பன்போரில் கிடைத்த சீனப் பீங்கானும் பாரசீக வளைகுடாவின் நீலப்பச்சை மெருகிட்ட ஓடுகளும் மன்னாரின் மாந்தையிலும் கிடைத்திருக்கின்றன. 1980களில் ஜோன் கார்ஸ்வெல் குழு அங்கே தோண்டியது. இரண்டும் ஒரே கடல்வழியின் துறைகள் என்பதற்கு, பயானில் கேட்கும் கதையை விட இந்த ஓடுகளை நாம் கூடுதலாக நம்பலாம்.

மாந்தை மேடு திருக்கேதீஸ்வரம் கோயிலைச் சுற்றியே இருக்கிறது. மன்னார்ப் பாலத்துக்கு முன்னாலேயே அந்தப் பாதை பிரிகிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். ஓட்டுத் துண்டு கண்டால் எடுத்து வர வேண்டாம். தொல்பொருள் சட்டப்படி அது குற்றம்.