ஸ்கேட்போர்டு வகைகள்

ஸ்கேட்போர்டு என்பது அடியில் இரண்டு அச்சுகளும் நான்கு சிறு சக்கரங்களும் பூட்டிய பலகை. அதன்மேல் ஏறி நின்று, ஒரு காலால் தரையை உந்தி ஓட்டுவார்கள். கைப்பிடி இல்லை, பெரும்பாலான வகைகளில் பிரேக்கும் இல்லை. உடலை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் திரும்பும். 1950-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், அலை எழாத நாள்களில் அலைச்சறுக்கு வீரர்கள் தெருவில் ஓட்டியதிலிருந்து இது பரவியது. இன்று ஸ்ட்ரீட், க்ரூசர், லாங்போர்டு, சர்ஃப்ஸ்கேட் என்று பல கிளைகள் விரிந்துள்ளன. கடைக்குள் நுழைபவரின் கண் பலகையின் நீளத்திலும் அதில் வரைந்த படத்திலும்தான் முதலில் விழும். வகையை அறிய வேண்டுமானால் பலகையைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். எது எந்தத் தரையில் ஓடும் என்பது சக்கரத்திலும் டிரக்கிலும் தெரிந்துவிடும்.

தொடக்கத்தில் ரோலர் ஸ்கேட்டின் இரும்புச் சக்கரங்களும், 1960-களில் களிமண் கலவையால் ஆன சக்கரங்களும் இருந்தன. சிறு கல் குறுக்கே வந்தாலும் பலகை சட்டென நின்றுவிடும். ஓட்டுபவர் முன்னே தூக்கி வீசப்படுவார். 1970-களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி பாலியூரித்தேன் சக்கரங்களைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த விளையாட்டு பிழைத்தது. அவற்றின் கடினத்தை 78ஏ, 99ஏ என எண்ணால் குறிப்பார்கள். எண் குறைந்தால் மென்மை. பொடிக்கல்லின் அதிர்ச்சியை விழுங்கிவிடும். எண் கூடினால் கடினம். வழவழப்பான சிமென்ட் தரையில் வேகமாக ஓடும், வேண்டும்போது பக்கவாட்டில் வழுக்கவும் செய்யும்.

டிரக் என்பது அச்சைத் தாங்கும் உலோகப் பகுதி. அதன் நடு போல்ட்டில் புஷிங் எனும் இரண்டு மென்மையான வளையங்கள் இருக்கும். பலகை சாயும்போது அவை நசுங்கி அச்சைத் திருப்புகின்றன. நட்டை இறுக்கினால் பலகை நிலையாக நிற்கும். தளர்த்தினால் எளிதில் வளையும்.

ஸ்ட்ரீட் போர்டுதான் பெரும்பாலோர் மனத்தில் இருக்கும் வடிவம். குச்சி ஐஸின் மரக்குச்சி போல இரு முனையும் உருண்டிருப்பதால் 'பாப்சிகிள்' என்பார்கள். மேப்பிள் மரத்தின் ஏழு மெல்லிய தாள்களைப் பசையிட்டு அழுத்திச் செய்வது. நீளம் 31 முதல் 32 அங்குலம், அகலம் 8 அங்குலத்தை ஒட்டி. சக்கரம் 50 முதல் 54 மி.மீ., கடினம் 99ஏ அளவில். முனைகள் மேல்நோக்கி வளைந்திருப்பதன் பயன் 'ஆலி' எனும் தாவலில் தெரியும். பின்முனையைக் காலால் தரையில் தட்டினால் முன்முனை எழும். அதே நொடியில் முன்காலைப் பலகையின் சொரசொரப்பான மேல்தாளில் உரசி முன்னே இழுத்தால், கை தொடாமலே பலகை காலோடு ஒட்டி மேலே வரும். வளைந்த குழித் தளத்தில் ஆலன் கெல்ஃபாண்ட் தொடங்கிவைத்த இதை, 1980-களின் தொடக்கத்தில் ராட்னி முல்லன் சமதரையில் செய்து காட்டினார். இன்றைய தெரு வித்தைகளில் பெரும்பகுதி அந்த ஒரு தாவலிலிருந்து முளைத்தவை. சிறிய, கடினமான சக்கரத்தின் காரணமும் இதுதான்: எடை குறைந்தால் பலகை எளிதில் எழும்பும். கிண்ணம் போன்ற பார்க் தளங்களில் ஓட்டுபவர்கள் இதைவிட அகலமான பலகையையும் சற்றுப் பெரிய சக்கரத்தையும் விரும்புவார்கள். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக ஸ்ட்ரீட், பார்க் என இரு பிரிவுகளிலும் போட்டி நடந்தது.

க்ரூசர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவதற்கானது. பலகை குட்டை, சக்கரம் ஏறத்தாழ 60 மி.மீ., 78ஏ அளவு மென்மை. சல்லி துருத்திய தார்ச்சாலையில் ஸ்ட்ரீட் போர்டு கால் மரத்துப்போகும் அளவுக்கு அதிரும். க்ரூசர் அதைத் தாங்கிக்கொண்டு உருளும். ஆஸ்திரேலியாவின் பென்னி நிறுவனத்தின் 22 அங்குலப் பிளாஸ்டிக் பலகை இவ்வகையில் பெயர்பெற்றது. பையில் செருகிக்கொள்ளலாம். ஆனால் இவ்வளவு சிறிய பலகையில் கால் வைக்க இடம் போதாது. முதன்முதலாகப் பழகும் குழந்தைக்கு இதை வாங்கித் தருவது தவறு.

லாங்போர்டு பெரும்பாலும் 36 அங்குலத்துக்கு மேல் நீளம். அகன்ற டிரக்கும் 70 மி.மீ. அளவிலான மென்சக்கரமும் இதற்கு நிதானம் தருகின்றன. மலைச்சரிவில் இறங்குபவர்கள் வளையாத பலகையைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தவர்கள் மணிக்கு 100 கி.மீ. வேகத்தையும் கடக்கிறார்கள். வேகத்தைக் குறைக்கப் பலகையைக் குறுக்கே திருப்பி, உள்ளங்கையில் தடித்த பிளாஸ்டிக் வில்லை பதித்த கையுறையைத் தரையில் ஊன்றிச் சறுக்குவார்கள். ஓடும் பலகைமேல் நடந்து ஆடும் 'டான்சிங்' வகைக்கோ நீளமும் நெகிழ்வும் வேண்டும்.

சர்ஃப்ஸ்கேட்டில் முன் டிரக் தனியாகவே இடவலமாகச் சுழலும். இடுப்பையும் தோளையும் முறுக்கியே, தரையை உந்தாமல் வேகம் கூட்டலாம்; அலைமேல் திரும்பும் உணர்வு கிடைக்கும். அந்தத் தளர்வே செங்குத்தான இறக்கத்தில் ஆபத்து.

மின்மோட்டார் பலகைகள் கைக் கருவியால் இயங்குபவை, பிரேக்கும் உண்டு. இரண்டே சக்கரத்தில் நடுவே முறுக்கும் காஸ்டர் போர்டு தனி இனம்.

ஒரு வகையை இன்னொன்றாக மாற்றலாமா என்றால், ஓரளவு முடியும். ஸ்ட்ரீட் போர்டில் பெரிய மென்சக்கரம் பூட்டினால் தெருவில் போய்வரலாம். அப்போது டிரக்குக்கும் பலகைக்கும் இடையில் 'ரைசர்' எனும் திண்டு வைக்க வேண்டும். வைக்காவிட்டால், சாய்ந்து திரும்பும்போது சக்கரம் பலகையின் அடியில் உரசி நின்றுவிடும்.