பூட்டும் சாவியும்: இரகசியக் காப்பின் வரலாற்றிலிருந்து ஒரு குறிப்பு

பூரி ஜெகந்நாதர் கோயிலின் கருவூலத்திற்கு ‘ரத்ன பண்டார்’ என்று பெயர். அதன் வெளி அறையைத் திறக்க மூன்று சாவிகள் வேண்டும். ஒன்று கஜபதி மன்னரிடமும், ஒன்று கோயில் நிர்வாகத்திடமும், மற்றொன்று ‘பண்டார் மேகாப்’ எனப்படும் கருவூலச் சேவகரிடமும் இருப்பது மரபு. மூவரும் உடன்பட்டாலன்றிக் கதவு திறவாது. உள் அறையின் சாவி அரசுப் பொறுப்பில் இருந்து வந்தது. அச்சாவியைக் காணவில்லை என்பது 2018இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதம் ‘மாற்றுச் சாவி’ என்று குறித்த உறையொன்று மாவட்ட ஆட்சியர் அலுவலக ஆவண அறையில் கிடைத்தது. ஆனால் 2024 ஜூலை 14 அன்று அந்தச் சாவிகள் பூட்டுகளைத் திறக்கவில்லை. பூட்டுகள் உடைக்கப்பட்டன.

கதவும் பூட்டும் உறுதியாகவே இருந்தன. சாவி யாரிடம், எந்நிலையில் இருக்கிறது என்ற கணக்கே தவறிப்போயிற்று. இரகசியக் காப்பின் வரலாற்றைப் பயிலும்போது இதே உண்மை மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள நிர்வாகம் 1763இல் தன் அலுவல்களைப் பொதுத்துறை, இரகசியத்துறை என இரண்டாகப் பிரித்தது. போர், அரசியல் உறவு ஆகியன பற்றிய தாள்கள் பிற அலுவல்களின் தாள்களோடு கலவாமல் தனித்துறைக்குச் சென்றன. வலிய பெட்டி செய்வதைவிடக் காணும் கண்களைக் குறைப்பதே அங்குப் பாதுகாப்பாயிற்று. 1883இல் அகஸ்ட் கெர்க்காஃப்ஸ் பிரெஞ்சு இராணுவ இதழொன்றில் ஒரு விதியை முன்வைத்தார்: மறைமுறையின் அமைப்பு பகைவர் கையில் சிக்கினும் கேடு விளையலாகாது, இரகசியமாக இருக்க வேண்டியது சாவி ஒன்றே. 1979இல் ஆதி ஷமீர் அச்சாவியையே பங்கிடும் கணித வழியைக் கண்டார். ஒரு சாவியை ஐந்து பங்குகளாக்கி, அவற்றுள் எவையேனும் மூன்று சேர்ந்தால் போதும் என்று அமைக்கலாம். இரண்டு பங்குகள் தொலைந்தாலும் அறை திறக்கும். இரண்டு மட்டும் களவாடப்பட்டால் எதுவும் வெளிப்படாது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நான் சார்ந்த ஆய்வுக்குழு, இடம்பெயர்ந்த தொழிலாளர்களின் நேர்காணல்களைப் பொதுவான கிளவுட் கோப்புறையொன்றில் வைத்திருந்தது. ‘இணைப்பு உள்ள எவரும் காணலாம்’ என்பதே அதன் அமைப்பு. அவ்விணைப்பு பழைய வாட்ஸ்அப் குழுவொன்றில் கிடந்ததைச் சென்ற மாதந்தான் கவனித்தோம். அக்குழுவில் இருந்தவர்களுள் பாதிப்பேர் ஆய்வை முடித்துச் சென்றுவிட்டவர்கள். கூலி பிடித்தம் பற்றி ஒப்பந்ததாரரின் பெயர் சொல்லிப் பேசிய பெண்ணின் குரலும் அக்கோப்புறையில் இருந்தது. ‘உங்கள் பெயர் வெளிவராது, அம்மா’ என்று அவரிடம் வாக்களித்தவன் நான். எவரும் திருடவில்லை என்பது எங்கள் நற்பேறே; எங்கள் காவலால் விளைந்தது அன்று.

கிளவுட் நிறுவனங்கள் கோப்புகளை மறையாக்கியே வைக்கின்றன. எனினும், பொதுவாக அந்த மறையாக்கத்தின் சாவி நிறுவனத்திடமே இருக்கும். ஆகவே நாங்கள் முறையை மாற்றினோம். கிரிப்டோமேட்டர் என்னும் திறமூல மென்பொருளால் கோப்புகளை எங்கள் கணினியிலேயே மறையாக்கிய பின்னரே பதிவேற்றுகிறோம். பொது இணைப்பை நீக்கிவிட்டு, ஒவ்வொருவரையும் அவரவர் மின்னஞ்சல் முகவரியால் சேர்க்கிறோம். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அப்பட்டியலைச் சரிபார்க்கிறோம். நேர்காணல்களில் குறியெண்கள் மட்டுமே உள்ளன. பெயரையும் எண்ணையும் இணைக்கும் அட்டவணை வேறிடத்தில் இருக்கிறது. கடவுச்சொல்லின் மாற்றுப்படி முத்திரையிட்ட உறையில் நெறியாளரிடம் உள்ளது. பூரியை நினைவிற்கொண்டு, அது உண்மையிலேயே திறக்கிறதா என்றும் சோதித்துவிட்டோம்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுப் பணிக்குச் சில விலக்குகளை அளிக்கிறது. அப்பெண்ணுக்கு நான் அளித்த வாக்குக்கு அவ்விலக்குகள் எவையும் பொருந்தா. களப்பணி செய்யும் நண்பர்கள் இன்றே தம் கோப்புறையைத் திறந்து, ‘யாருக்கு அணுக்கம் உள்ளது’ என்ற பட்டியலை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.