பிறேக் இல்லாத சைக்கிள் ரோட்டுக்கு வந்த கதை

மலிவான ட்ராக் சைக்கிள் ஒண்டில் தினமும் வேலைக்குப் போகிற ஆக்களுக்குக் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் முதலில் கண் போவது பளபளக்கிற ஹப்பிலும் கிராங்கிலும்தான். அதிலும் என்ஜேஎஸ் முத்திரை குத்தினது எண்டால் விலை எகிறும். அந்த முத்திரைக்கு ஒரு வரலாறு இருக்கு.

1948இல் ஜப்பானின் கொக்குராவில் கெய்ரின் பந்தயம் தொடங்கியது. போரில் சிதைந்த நாட்டைக் கட்ட உள்ளூராட்சிகளுக்குக் காசு தேவைப்பட்டது. சனம் பந்தயம் கட்ட, அதில் ஒரு பங்கு அவர்களுக்குப் போனது. காசு புழங்குகிற இடத்தில் ஒருவனுடைய சைக்கிள் மற்றவனுடையதைவிடத் திறமாக இருந்தால் சந்தேகம் வரும். ஆகவே இரும்புச் சட்டகம், 36 கம்பிச் சில்லு என்று எல்லாம் ஒரே தரத்தில் இருக்கவேண்டும். முத்திரை அதற்குத்தான். அது 'ஆகத் திறமானது' என்று சொல்லவில்லை, 'எல்லாருக்கும் சமமானது' என்றுதான் சொல்கிறது. நாங்கள் அதையே பெருமைக்குக் கூடுதல் விலை குடுத்து வாங்குகிறம்!

கெய்ரின் சைக்கிளில் பிறேக் கிடையாது. வட்டத் திடலில் எல்லாரும் ஒரே பக்கம் சுற்றுகிறார்கள். முன்னுக்குப் போகிறவன் சடாரென்று பிறேக் பிடித்தால் பின்னால் வருகிறவர்கள் விழுவார்கள். பின்சில்லோடு பல்லுச்சக்கரம் இறுகப் பூட்டியிருக்கும், ஃபிறீவீல் இல்லை. வேகத்தைக் குறைக்கக் காலால் எதிர்த்து மிதிக்கவேண்டும்.

ரோட்டுப் பந்தயங்களும் ஒரு காலத்தில் இதற்குக் கிட்டத்தான் இருந்தன. டூர் டி பிரான்ஸில் 1937 வரைக்கும் டிரெய்லர் கியருக்கு அனுமதியில்லை. மலை வந்தால் இறங்கி, பின்சில்லைக் கழற்றித் திருப்பிப் போட்டு மற்றப் பக்கத்துப் பல்லில் ஓடுவார்கள். இண்டைக்கு மலிவுச் சைக்கிள்களில் இருக்கிற இரட்டைப் பக்க ஹப் அந்தக் காலத்தின் மிச்சம்.

பிறகு நியூயோர்க்கில் கடிதம் காவுகிறவர்கள் இதை எடுத்தார்கள். பழுதாகிற பாகம் குறைவு, அவ்வளவுதான் காரணம். அப்படிக் கடிதம் காவின நெல்சன் வெயில்ஸ் 1984 ஒலிம்பிக்கில் ஸ்பிரின்ட் வெள்ளி எடுத்தார். 2000களில் இது உலகம் முழுக்க ஃபஷன் ஆனது. பிறேக் இல்லாததும் ஃபஷனின் ஒரு பகுதியாகிப் போனது.

2016இல் லண்டனில், முன் பிறேக் இல்லாத ட்ராக் சைக்கிளில் போன 18 வயது இளைஞர் மோதி, ரோட்டைக் கடந்த ஒரு பெண் இறந்தார். அங்கே 1983 விதிப்படி ரோட்டில் ஓடுகிற சைக்கிளுக்கு இரண்டு சில்லிலும் தனித்தனியாக பிறேக் வேண்டும். பூட்டின கியர் பின் பிறேக்காகக் கணக்கில் வரும், முன் பிறேக் கட்டாயம். அவர் மனிதக்கொலைக் குற்றச்சாட்டில் இருந்து விடுபட்டாலும், குதிரை வண்டிக் காலத்து 1861 சட்டம் ஒன்றின்கீழ் 18 மாதச் சிறை கிடைத்தது.

ஆகவே முதல் காசு முன் பிறேக்குக்குத்தான். நிற்கும்போது பாரமெல்லாம் முன்சில்லுக்குத்தான் போகும்; பாரம் குறைஞ்ச பின்சில்லு வழுக்கும். பின்னால் மட்டும் பிடித்தால் நிற்க எடுக்கிற தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அடுத்தது பல்லுச்சக்கரம். முன்னுக்கு 48, பின்னுக்கு 16 பல் எண்டால் விகிதம் சரியாக 3. ஒரே காலை முன்னுக்கு வைத்து வழுக்கி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் ரயரின் அதே இடம்தான் தேயும். பின்னுக்கு 17 பல் போட்டால் தேய்மானம் 17 இடங்களுக்குப் பிரியும், மிதிக்கவும் லேசு. ஹப்பைவிட எவ்வளவோ மலிவு. பல்லைப் பூட்டுகிற வளையம் இடப்பக்க மரை, அதை நல்லா இறுக்கவேணும்.

பழைய சைக்கிள் பார்க்கப் போனால் முதலில் ஃபோக்கைப் பாருங்கோ. அசல் ட்ராக் ஃபோக்கில் பிறேக் பூட்டத் துளை இருக்காது. கார்பன் ஃபோக் எண்டால் துளைக்க வெளிக்கிட வேண்டாம், ஃபோக்கையே மாத்துங்கோ.