வரம் வாங்கியும் தீராத பாவம்

எங்க ஊர் திருமானூரில் அரியலூர் பஸ் ஏறினால் வழியில் கீழப்பழுவூர் வரும். பேரைச் சொன்னதும் பொன்னியின் செல்வன் படித்த நண்பர்கள், "பழுவேட்டரையர் ஊரா?" என்று நிமிர்ந்து உட்காருவார்கள். அவங்க ஆண்ட பழுவூர்தான். ஆனா இன்னைக்குப் பேசப்போறது ராஜா வீட்டுச் சண்டை இல்லைங்க, சாமி வீட்டுச் சண்டை.

அங்கே ஆலந்துறையார் கோயில் இருக்கு. அம்மன் பெயர் அருந்தவநாயகி. பார்வதி விளையாட்டா சிவனோட கண்ணைப் பொத்த, உலகமே இருண்டு போச்சாம். அந்தக் குற்றம் தீர அம்மன் இங்கே வந்து தவம் இருந்தாள் என்கிறது தலபுராணம். காஞ்சிபுரத்திலும் திருவண்ணாமலையிலும் இதே கதை உண்டு. புருஷன் பொண்டாட்டி விளையாட்டுக்கு இவ்வளவு பெரிய தண்டனையான்னு சின்ன வயசில் தோணும்.

இன்னொரு கதை விளையாட்டே இல்லை. ஜமதக்னி முனிவர் தன் மனைவி ரேணுகாவைக் கொல்லச் சொல்லிப் பிள்ளைகளிடம் சொல்றார். மூத்தவங்க நாலு பேரும் செய்யலை, சாபம் வாங்கினாங்க. கடைசிப் பிள்ளை பரசுராமன் கோடாலியை எடுத்தான். அப்பா மகிழ்ந்து வரம் கொடுத்தார். அம்மா உயிரோட வரணும், அண்ணன்கள் பழையபடி ஆகணும், தனக்குப் பாவம் ஒட்டக்கூடாது என்று கேட்டு வாங்கினான். மகாபாரத வனபர்வத்தில் இப்படித்தான் இருக்கு. கணக்கு நேராயிடுச்சு.

பழுவூர்க்காரங்க மட்டும் இதை ஒத்துக்கலை! தாயைக் கொன்ற பாவம் தீர பரசுராமர் இங்கே வந்து வழிபட்டார் என்கிறது இந்த ஊர்க் கதை. அப்பாவே மன்னிச்சாலும் பாவம் வெட்டினவனோடதுதான்.

கேரளத்துப் பரசுராமருக்கு இங்கே என்ன வேலை? ஏழாம் நூற்றாண்டில் இந்தத் தலத்தைப் பாடிய சம்பந்தர், மலையாள அந்தணர்கள் இங்கே வழிபட்டதைக் குறிப்பிடுகிறார். முதலாம் பராந்தக சோழனுக்குப் பெண் கொடுத்த பழுவேட்டரையரை, சுந்தரசோழனின் அன்பில் செப்பேடு கேரள அரசர் என்கிறது. அவர்களோடு இந்தக் கதையும் மலையேறி வந்திருக்கலாம் என்பது என் யூகம். தெரிஞ்சவங்க திருத்துங்க.

இந்தக் கதை என்னை ஏன் குடையுதுன்னு சொல்லிடறேன். சில வருஷம் முன்னாடி பூர்வீக நிலத்தில் அத்தை பங்கு கேட்டாங்க. பெண்ணுக்கும் சம பங்கு உண்டுன்னு 2005-லேயே சட்டம் திருத்தியாச்சு. அப்பாவுக்கு மனசு வரலை. "இனிமே அவகூட உனக்குப் பேச்சு கிடையாது" என்றார். நான் ஏன்னு கேக்கலை. போனில் இருந்து அத்தை நம்பரை அழிச்சிட்டேன். லீவு விட்டா திருவையாறு போய் அவங்க வீட்டில் அசோகா சாப்பிட்டே வளர்ந்தவன் நான். "அப்பா சொன்னார்" என்பதுதான் இத்தனை வருஷமா என் சமாதானம். பரசுராமன் வாங்கின வரமும் இதேதான்.

எங்க பக்கத்திலேயே திருமழபாடியில் வருஷாவருஷம் பங்குனி புனர்பூசத்தில் நந்தி கல்யாணம் நடக்கும். மணப்பெண் சுயசாம்பிகை. மாப்பிள்ளை வீட்டாரா ஐயாறப்பரும் அம்மனும் திருவையாற்றில் இருந்து கொள்ளிடம் தாண்டி வருவாங்க. நந்தி கல்யாணம் பார்த்தா முந்திக் கல்யாணம் ஆகும்னு அம்மா என்னை வருஷாவருஷம் விரட்டுவாங்க :) சாமியோட கூட வர்ற திருவையாற்றுக் கூட்டத்தில் அத்தையும் இருப்பாங்க. நான் தூரமா நின்னு பார்த்துட்டுத் திரும்பிடுவேன்.

போன வாரம் அம்மாகிட்ட நம்பர் வாங்கிட்டேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லலை. வர்ற பங்குனிக்குள்ள பேசிடணும்.