மவாத்தும் மண்ணும்: வால்பாறை தரும் பாடம்

ஆளற்றுக் கிடக்கும் நிலத்தைப் பண்படுத்துவோர்க்கு அந்நிலத்தில் உரிமை உண்டு என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். ஃபிக்ஹு நூல்கள் இதனை 'இஹ்யாவுல் மவாத்', அதாவது இறந்த நிலத்தை உயிர்ப்பித்தல், என்னும் தனித் தலைப்பில் ஆராய்கின்றன. ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அதனை நிபந்தனையாக்கவில்லை. கல் நட்டு எல்லையிட்டுவிட்டு மூன்றாண்டுகள் பயிரிடாது விட்டவர் உரிமை இழப்பார் என்பது கலீஃபா உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பாக அறியப்படுகிறது. இவ்விவாதங்கள் அனைத்துக்கும் முந்திய கேள்வி ஒன்றுண்டு: ஒரு நிலம் இறந்துவிட்டதென எவ்வாறு அறிவது?

அன்தலூஸ் வேளாண் அறிஞர்கள் நிலத்தை அறியும் வேலையை மண்ணிலிருந்தே தொடங்கினர். தொலேதோவின் ஆட்சியாளர் மஅமூனிடம் பணியாற்றி, 1085இல் அந்நகர் வீழ்ந்தபின் செவில்லேக்குப் பெயர்ந்த இப்னு பஸ்ஸால், மென்மண், கனத்த மண், மலைமண், மணல்மண், செம்மண் என மண்ணைப் பத்தாக வகுத்தார். 12ஆம் நூற்றாண்டில் செவில்லேயில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், தமது 'கிதாபுல் ஃபிலாஹா'வின் முதல் அத்தியாயத்தை மண்ணை அறிவதற்கே ஒதுக்கினார். நிறம் மட்டும் போதாது. மணம், சுவை, தொடுகை, அங்கு தானாக முளைத்திருக்கும் செடிகள் ஆகிய அனைத்தையும் நோக்க வேண்டும் என்பதே அம்மரபின் சாரம். 1802இல் மத்ரீதில் அந்நூல் ஸ்பானிய மொழிபெயர்ப்புடன் அச்சேறியது.

இவ்வறிவின் தேவையை உணர்த்தும் இடம் நமது கொங்கு நாட்டிலேயே உண்டு. கோவைச் சமவெளியின் செம்மண் பல இடங்களில் சுண்ணாம்பு கலந்தது. அங்கிருந்து ஆனைமலை ஏறி வால்பாறையை அடைந்தால் அங்கும் மண் சிவப்புத்தான். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. ஆண்டுதோறும் கொட்டும் பெருமழை சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்தோட்டிவிட, இரும்பும் அலுமினியமும் எஞ்சிய புளிப்பு மண் அது. காட்டின் செழுமை பெரும்பாலும் சருகிலும் உயிருள்ள மரங்களிலுமே தங்கியிருந்தது.

1890களில் கார்வர் மார்ஷ் போன்ற ஆங்கிலத் தோட்டக்காரர்கள் இக்காட்டைத் திருத்தத் தொடங்கினர். கார அமில அளவு 4.5 முதல் 5.5 வரையுள்ள புளிப்பு மண்ணையே தேயிலை விரும்புவதால் அவர்கள் முயற்சி பலித்தது. ஆனால் அக்கால ஆட்சியின் பார்வையில் காடு என்பது தரிசு. 1863ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டம், விற்கவிருக்கும் நிலத்தில் உரிமை கோருவோர்க்கு மூன்று மாதத்துக்குக் குறையாத அவகாசமே வைத்தது. காட்டுக்குள் வாழ்ந்த காடர்களுக்கும் முதுவர்களுக்கும் அத்தகைய அறிவிப்பு எவ்வாறு எட்டியிருக்கும்? ஃபிக்ஹோ, குடியிருப்பைச் சார்ந்த மேய்ச்சலிடத்தையும் விறகு பொறுக்குமிடத்தையும் 'ஹரீம்' என ஒதுக்கி, அதனை மவாத்தில் சேர்க்காது விட்டது. அவ்வளவுகோலில் நோக்கின் ஆனைமலைக் காடு ஒருபோதும் இறந்த நிலமன்று என்பதே நமது கருத்து.

உண்மையில் நலிந்தவை, பின்னாளில் தேயிலைக்கு நடுவே சிதறிக்கிடந்த காட்டுத் துண்டுகளும் கைவிடப்பட்ட காப்பித் தோட்டங்களுமே. உண்ணிச்செடி மூடிய அவற்றை மீட்கும் பணியை 2000ஆம் ஆண்டையொட்டி நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பின் ஆய்வாளர்கள், தோட்ட நிறுவனங்களின் ஒத்துழைப்புடன் தொடங்கினர். அவர்கள் அனைத்தையும் ஒரேயடியாக வெட்டி வெளியாக்கவில்லை. களைகளுக்கிடையே தாமாக முளைத்திருந்த காட்டு நாற்றுகளைக் காத்தபடி களையகற்றி, அம்மண்ணுக்குரிய வெடிப்பலா, குங்கிலியம் முதலிய மரங்களின் கன்றுகளை நட்டனர். நட்ட இடங்களில் காடு விரைந்து மீள்வதையும், பெருங்காட்டிலிருந்து விலகிய துண்டுகளில் அதன் பயன் மிகுவதையும் 2019இல் வெளியான ஆய்வு காட்டியது.

பாழ்பட்ட தோட்டமொன்றைத் தொடங்குவோர்க்கும் இதே ஒழுங்கு பொருந்தும். முதலில் அங்கு முளைத்திருப்பவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு சாண் தோண்டி, மண்ணை நனைத்து உருட்டிப் பார்க்க வேண்டும். திரியாக நீண்டால் களி மிகுதி, உதிர்ந்தால் மணல் மிகுதி. பின்னர் மண் பரிசோதனை நிலையத்தில் புளிப்பின் அளவை அறிய வேண்டும். சரிவான நிலமாயின் மழைக்கு முன் அதனை மொட்டையாக்கலாகாது. மண்வெட்டிக்கு வேலை அதன் பிறகே.

நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்பது நட்டவருக்குத் தர்மமாகும் என்பது நபிமொழி. வெடிப்பலாவைச் சோலைமந்தியும் குங்கிலியக் கனியை இருவாச்சியும் உண்கின்றன. உயிர்ப்பித்தலின் கூலி அவ்வாறு விரிந்தது. எனினும் உயிருள்ளதை இறந்ததெனக் கருதி வெட்டியவருக்கு அக்கூலியில் பங்குண்டா என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.