வேலை போச்சு, முதலாளியிடமிருந்து பதிலே இல்லை: ஆட்குறைப்புப் பணத்தை எப்படிக் கேட்பது?

"திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம்" என்று எச்.ஆர் சொல்லிவிட்டார். இழப்பீடு பற்றிக் கேட்டால், "பார்த்துச் சொல்றோம்". அதற்குப் பிறகு யாரும் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது.

இந்த நிலையில் பலர் அலைந்து பார்த்துவிட்டு, "போனா போகட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஆட்குறைப்புப் பணம் முதலாளி மனம் வைத்துக் கொடுக்கும் அன்பளிப்பு இல்லை. மலேசியாவில் 1980ஆம் ஆண்டு விதிமுறைகளே அதைக் கட்டாயமாக்குகின்றன.

எனக்கு எவ்வளவு கிடைக்கும்?

குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவை என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள்.

ஓர் உதாரணம். உங்கள் மாதச் சம்பளம் 2,920 ரிங்கிட், சேவை மூன்றரை ஆண்டு. கடைசி 12 மாதச் சம்பளம் 35,040 ரிங்கிட். அதை 365ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 96 ரிங்கிட். பதினைந்து நாளுக்கு 1,440, மூன்றரை ஆண்டுக்கு 5,040 ரிங்கிட். விட்டுவிடக்கூடிய தொகையா இது?

வேலை முடிந்த ஏழு நாளுக்குள் இதைக் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் சம்பளம் இதில் சேராது, அது தனி. ஆட்குறைப்பு என்றால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், மேலே சொன்ன சேவைக்குக் குறைந்தது ஆறு வார நோட்டீஸ் உண்டு.

மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவர்களுக்கு இந்தக் கணக்கு பொதுவாகப் பொருந்தாது. உங்கள் வேலை ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். சபா, சரவாக்கிற்குத் தனித் தொழிலாளர் சட்டங்கள் இருக்கின்றன.

"ராஜினாமா கடிதம் எழுதிக் கொடுங்க, ரெக்கார்டுக்கு நல்லது"

இப்படிச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களாகவே விலகியதாகப் பதிவானால் இந்த இழப்பீட்டைக் கேட்பதே சிக்கலாகிவிடும். பெர்கேசோவின் வேலைக் காப்புறுதி உதவியும் கைவிட்டுப் போகலாம். பணிநீக்கத்தை எழுத்தில் கேளுங்கள். தரவில்லையா? "இன்ன தேதியில் இன்னார் என்னை வரவேண்டாம் என்றார்" என்று நீங்களே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், ஊழியர் சேம நிதி அறிக்கை, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் சொந்த போனில் சேமித்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் மின்னஞ்சல் எந்த நேரத்திலும் மூடப்படலாம்.

பதிலே வரவில்லை, அடுத்து?

கணக்கைப் போட்டு, ஒரு கெடு தேதியும் குறிப்பிட்டு, கம்பெனியின் பதிவு முகவரிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். ஆபீஸ் பூட்டிக் கிடந்தாலும், பதிவு முகவரியை கம்பெனிகள் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மிடம் எடுக்கலாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் அருகிலுள்ள தொழிலாளர் இலாகா அலுவலகத்தில் புகார் கொடுங்கள். வழக்கறிஞர் தேவையில்லை. இலாகா முதலாளிக்குச் சம்மன் அனுப்பி விசாரிக்கும். முறையாகச் சம்மன் கிடைத்தும் அவர் வரவில்லையா? அவர் இல்லாமலேயே விசாரித்துத் தீர்ப்பளிக்க சட்டம் இடம் தருகிறது. உத்தரவை மதிக்காவிட்டால் அதை நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே அமல்படுத்தலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும், ஒரே வாரத்தில் முடியாது.

60 நாள் கணக்கை மறக்காதீங்க

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெர்கேசோவின் வேலைக் காப்புறுதிக்கு, வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தகுதி இருந்தால் காப்பீட்டுச் சம்பளத்தில் முதல் மாதம் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50 விழுக்காடு, பிறகு படிப்படியாகக் குறைந்து அதிகபட்சம் ஆறு மாதம்வரை கிடைக்கும். முதலாளி இழப்பீடு கொடுக்கும்வரை இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆட்குறைப்பு வெறும் சாக்கு, உங்கள் இடத்தில் வேறொருவரை எடுத்துவிட்டார்கள் என்று சந்தேகமா? அது வேறு வழக்கு. தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். அதற்கும் 60 நாள்தான் கெடு.

கம்பெனி கலைக்கப்படுகிறது என்றால், கலைப்பு அதிகாரியிடம் உங்கள் பாக்கியைப் பதிவு செய்யுங்கள். சம்பளப் பாக்கிக்கு, சட்டம் வகுத்த வரம்புவரை, சாதாரணக் கடன்காரர்களுக்கு முன்பே இடம் உண்டு.